லிவர்பூல்: பீட்டில்ஸ் வளர்ந்த வீடுகளும் தெருக்களும்

இங்கிலாந்தின் வடமேற்கில், மெர்சி ஆறு கடலில் கலக்கும் இடத்தில் இருக்கும் துறைமுக நகரம் லிவர்பூல். பீட்டில்ஸ் இசைக்குழுவின் ஜான் லென்னன், பால் மெக்கார்ட்னி, ஜார்ஜ் ஹாரிசன், ரிங்கோ ஸ்டார் நால்வரும் 1940க்கும் 1943க்கும் இடையே, இரண்டாம் உலகப்போர்க் காலத்தில், இந்நகரில் பிறந்தவர்கள். குழு உலகப் புகழ் பெற்று 1963 வாக்கில் லண்டனுக்குக் குடிபெயரும்வரை அவர்களுடைய வாழ்க்கை இங்கேதான் நடந்தது. வீடு, பள்ளி, தேவாலயம், முடிதிருத்தகம், முதன்முதலில் மேடையேறிய நிலவறை என அந்த வாழ்க்கையின் தடங்கள் பல இன்னும் நிற்கின்றன.

நால்வரையும் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள் என்று பொதுப்படச் சொல்வது வழக்கம். வீடுகளை நேரில் பார்த்தால் அது முழு உண்மையல்ல என்பது தெரியும். ரிங்கோவும் ஜார்ஜும் பிறந்தவை சுவரோடு சுவர் ஒட்டிய வரிசை வீடுகள். பால் வளர்ந்தது நகராட்சி கட்டி வாடகைக்கு விட்ட வீடு. ஜான் வளர்ந்ததோ முன்னும் பின்னும் தோட்டம் வைத்த சொந்த வீடு. ஒரே ஊருக்குள் இந்த மூன்று படிகளையும் அடுத்தடுத்துப் பார்க்க முடிவதுதான் லிவர்பூல் பயணத்தின் தனிச்சிறப்பு. இந்த அத்தியாயம் நகர மையத்தில் தொடங்கித் தெற்கு நோக்கிச் சென்று, கடைசியில் கிழக்குப் புறநகர் ஒன்றில் முடிகிறது.

நகரின் அமைப்பும் போக்குவரத்தும்

லண்டன் யூஸ்டன் நிலையத்திலிருந்து நேரடி ரயிலில் சுமார் இரண்டேகால் மணி நேரத்தில் லிவர்பூல் லைம் ஸ்ட்ரீட் நிலையத்தை அடையலாம். மான்செஸ்டரிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் வந்துவிடலாம். நகரின் தென்கோடியில் ஸ்பீக் பகுதியில் இருக்கும் விமான நிலையத்துக்கு ஜான் லென்னனின் பெயர் சூட்டப்பட்டிருக்கிறது.

பார்க்க வேண்டிய இடங்களை மூன்று தொகுதிகளாகப் பிரித்துக்கொள்வது வசதி. முதல் தொகுதி நகர மையம். லைம் ஸ்ட்ரீட் நிலையத்திலிருந்து எல்லாம் நடந்து போகும் தூரம். இரண்டாவது தெற்குப் புறநகர்கள்: டிங்கிள், வேவர்ட்ரீ, பென்னி லேன், வுல்டன், அலர்ட்டன், ஸ்பீக். இவை மையத்திலிருந்து 3 முதல் 12 கி.மீ. தொலைவுக்குள் சிதறிக் கிடக்கின்றன. மூன்றாவது, கிழக்கே தனித்து நிற்கும் வெஸ்ட் டெர்பி.

புறநகர்களைச் சுற்ற மூன்று வழிகள் உண்டு. ராயல் ஆல்பர்ட் டாக்கிலிருந்து புறப்படும் மேஜிக்கல் மிஸ்டரி டூர் பேருந்து சுமார் இரண்டு மணி நேரத்தில் முக்கிய இடங்களைக் காட்டிவிட்டு மேத்யூ தெரு அருகே இறக்கிவிடும். செலவும் அலைச்சலும் குறைவு. ஆனால் பல இடங்களில் இறங்கிப் படமெடுக்கச் சில நிமிடங்கள்தான் கிடைக்கும். பெரும்பாலான வீடுகளுக்குள் போகவும் வழியில்லை. வழிகாட்டியே ஓட்டுநராக வரும் டாக்சிப் பயணம் இரண்டாவது வழி. கட்டணம் வண்டிக்கே தவிர ஆளுக்கு அல்ல என்பதால், நான்கைந்து பேராகச் செல்லும் குடும்பத்துக்கு இது கட்டுப்படியாகும். பேருந்து நுழைய முடியாத சந்துகளுக்கும் போகலாம். மூன்றாவது வழி, நகரப் பேருந்து. மையத்திலிருந்து ஸ்மித்டவுன் சாலை, பென்னி லேன் சந்திப்பு, மேத்தர் அவென்யூ வழியாகச் செல்லும் 86ஆம் எண் பேருந்து இந்தப் பயணத்துக்கு மிக உதவியானது.

மேத்யூ தெருவும் கேவர்ன் கிளப்பும்

லைம் ஸ்ட்ரீட் நிலையத்திலிருந்து பத்து நிமிட நடையில் இருக்கும் குறுகிய தெரு மேத்யூ தெரு. ஒருகாலத்தில் பழங்களும் காய்கறிகளும் வந்திறங்கிய கிடங்குத் தெரு இது. 10ஆம் எண் கிடங்கின் நிலவறையில் 1957 ஜனவரி 16 அன்று ஜாஸ் இசைக்கூடமாகத் திறக்கப்பட்டதுதான் கேவர்ன் கிளப். பீட்டில்ஸ் இங்கே முதலில் வாசித்தது 1961 பிப்ரவரி 9, மதிய நேர நிகழ்ச்சியில். கடைசியாக வாசித்தது 1963 ஆகஸ்ட் 3. இடைப்பட்ட காலத்தில் 292 முறை மேடையேறினார்கள் என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. பக்கத்துத் தெருவான வைட்சேப்பலில் தன் குடும்பத்தின் இசைத்தட்டுக் கடையை நடத்திவந்த பிரையன் எப்ஸ்டைன், 1961 நவம்பர் 9 அன்று மதிய நிகழ்ச்சியொன்றில் இவர்களைப் பார்த்தார். சில வாரங்களில் மேலாளரானார்.

இன்று படியிறங்கிப் பார்க்கும் கேவர்ன் அதே பழைய நிலவறை அல்ல. நிலத்தடி ரயில் பாதைக்குக் காற்றுப்போக்கி அமைப்பதற்காக 1973இல் கிளப் மூடப்பட்டு, மேலே இருந்த கிடங்கு இடிக்கப்பட்டது. அந்தக் காற்றுப்போக்கி அங்கே கட்டப்படவே இல்லை. இடம் வாகன நிறுத்துமிடமாகக் கிடந்தது. பழைய செங்கற்களில் ஒரு பகுதியைப் பயன்படுத்தி, பழைய இடத்தின் பெரும்பகுதியையும் உள்ளடக்கி, 1984இல் புதிய கேவர்ன் திறக்கப்பட்டது. தாழ்ந்த செங்கல் வளைவுகளும் நெருக்கமும் புழுக்கமும் பழையதை ஓரளவு உணர்த்தும். பகலிலேயே இசை தொடங்கிவிடும். கூட்டமில்லாமல் பார்க்க வார நாளின் முற்பகல் நல்லது. சனிக்கிழமை இரவில் தெருவே திருவிழாக் கோலம் பூண்டிருக்கும்.

எதிர்ப்புறச் சுவரில் சாய்ந்து நிற்கும் ஜான் லென்னன் சிலை 1997இல் வைக்கப்பட்டது. மதுக்கூடமில்லாத கேவர்னில் வாசித்துவிட்டு நால்வரும் ஒதுங்கிய கிரேப்ஸ் என்ற மதுக்கூடம் அதே தெருவில் இன்னும் நடக்கிறது. ஒட்டியுள்ள ஸ்டான்லி தெருவில், கல் பெஞ்சில் தனியாக உட்கார்ந்திருக்கும் எலினர் ரிக்பி சிலை 1982இல் நிறுவப்பட்டது. பாடகரும் நடிகருமான டாமி ஸ்டீல் செதுக்கி நகருக்குக் கொடுத்தது அது.

ஆற்றங்கரை

மேத்யூ தெருவிலிருந்து மேற்கே பத்து நிமிடம் நடந்தால் பியர் ஹெட் என்னும் ஆற்றுத்துறை. ராயல் லிவர் கட்டடம், குனார்ட் கட்டடம், துறைமுகக் கட்டடம் மூன்றும் வரிசையாக நிற்கும் இந்த முகப்பில், நால்வரும் காற்றை எதிர்த்து நடந்து வருவதுபோன்ற வெண்கலச் சிலை 2015 டிசம்பரில் திறக்கப்பட்டது. லிவர்பூலில் அவர்கள் கடைசியாக மேடையேறிய எம்பயர் அரங்க நிகழ்ச்சி 1965 டிசம்பரில் நடந்தது. அதன் ஐம்பதாம் ஆண்டை ஒட்டி கேவர்ன் கிளப் அளித்த கொடை இது. சிற்பி ஆண்டி எட்வர்ட்ஸ்.

எல்லாரும் முன்னால் நின்று படமெடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். சிலையைச் சுற்றிவந்து பார்ப்பவர்களுக்குத்தான் நுணுக்கங்கள் தெரியும். பாலின் கையில் கேமரா இருக்கிறது. ஜார்ஜின் இடுப்புப் பட்டையில் சமஸ்கிருத எழுத்துகள். 1968இல் ரிஷிகேஷுக்கு வந்துபோனதற்கும் வாழ்நாள் முழுதும் அவர் பற்றியிருந்த இந்திய ஆன்மிக ஈடுபாட்டுக்கும் அடையாளம். ஜானின் கையில் ஓக் மரக் கொட்டைகள். அமைதிப் பிரசாரத்துக்காக அவரும் யோகோ ஓனோவும் விதைத்தவற்றின் நினைவு. ரிங்கோவின் காலணி அடிப்பகுதியில் எல்8 என்று பொறித்திருக்கிறது. அது அவர் பிறந்த டிங்கிள் பகுதியின் அஞ்சல் குறியீடு; குனிந்து பார்த்தால்தான் கண்ணில் படும்.

தெற்கே ஆற்றோரமாகப் பத்து நிமிட நடையில் ராயல் ஆல்பர்ட் டாக். அங்குள்ள பீட்டில்ஸ் ஸ்டோரி அருங்காட்சியகம் 1990 மே 1 முதல் இயங்குகிறது. குழுவின் வரலாறு அதிகம் தெரியாதவர்கள் புறநகர்களுக்குப் போகும் முன் இங்கே இரண்டு மணி நேரம் செலவிட்டால், பிறகு பார்க்கும் ஒவ்வொரு கதவுக்கும் கதை தெரிந்திருக்கும்.

ஹோப் தெரு: பள்ளியும் கல்லூரியும்

நகர மையத்தின் கிழக்கு மேட்டில், இரண்டு பேராலயங்களை இணைத்துக்கொண்டு ஓடுகிறது ஹோப் தெரு. அதிலிருந்து பிரியும் மவுண்ட் தெருவில், தூண்கள் வைத்த முகப்போடு நிற்பது லிவர்பூல் இன்ஸ்டிட்யூட் ஆண்கள் பள்ளி. பதினொரு வயதில் நடக்கும் தேர்வில் தேறிய பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்ட பள்ளி அது. பாலும், அவருக்கு ஒரு வகுப்பு கீழே ஜார்ஜும் இங்கே படித்தார்கள். பள்ளி 1985இல் மூடப்பட்டது. பாழடைந்த கட்டடத்தை மீட்க முன்னின்றவர்களில் பாலும் ஒருவர். 1996 முதல் அது லிப்பா என்று சுருக்கமாக அழைக்கப்படும் நிகழ்கலைக் கல்வி நிறுவனம்.

அதை ஒட்டியதுதான் ஜான் 1957இல் சேர்ந்த ஓவியக் கல்லூரி. பள்ளிக்கும் கல்லூரிக்கும் இடையே வெறும் சுவர்தான். மதிய இடைவேளையில் பாலும் ஜார்ஜும் சீருடையோடு இந்தப் பக்கம் நழுவிவந்து, கல்லூரி மாணவரான ஜானுடன் கிட்டார் வாசித்ததற்கு இந்த அண்டைமைதான் காரணம். நேரில் நின்று பார்க்கும்போது அந்தச் சுவரின் குறுகலான நெருக்கம் சட்டென்று பிடிபடும். மாணவர்கள் கூடிய ரைஸ் தெருவின் யே கிராக் மதுக்கூடம் இங்கிருந்து எட்டிவிடும் தூரம். ஜானும் அவருடைய ஓவிய நண்பர் ஸ்டூவர்ட் சட்கிளிஃபும் தங்கியிருந்த கேம்பியர் டெரஸ், ஆங்கிலிக்கன் பேராலயத்துக்கு எதிர்வரிசையில் இருக்கிறது. மவுண்ட் தெருமுனையில் கான்கிரீட்டில் வார்த்த பயணப்பெட்டிகள் அடுக்கிவைத்தாற்போல் ஒரு சிற்பத் தொகுதி. அவற்றில் சில பெட்டிகளில் பால், ஜார்ஜ், ஸ்டூவர்ட் ஆகியோரின் பெயர்களைத் தேடிப் பார்க்கலாம்.

மையத்துக்குத் திரும்பும் வழியில் ஸ்லேட்டர் தெருவின் ஜக்கராண்டா இருக்கிறது. 1958இல் ஆலன் வில்லியம்ஸ் காபிக் கடையாகத் திறந்தது. குழுவை 1960இல் ஹாம்பர்க்குக்கு அனுப்பிவைத்தவர் இவர்தான்.

டிங்கிள்: ரிங்கோவின் தெருக்கள்

மையத்திலிருந்து தெற்கே சுமார் 3 கி.மீ. தொலைவில், துறைமுகத் தொழிலாளர்களுக்காக எழுந்த பகுதி டிங்கிள். லிவர்பூல் சென்ட்ரல் நிலையத்திலிருந்து மெர்சி ரயிலில் பிரன்ஸ்விக் நிலையத்தில் இறங்கி, மேடேறி நடந்தால் வந்துவிடலாம். ரிச்சர்ட் ஸ்டார்க்கி என்ற ரிங்கோ 1940 ஜூலை 7 அன்று பிறந்தது இங்கே மேட்ரின் தெரு 9ஆம் எண் வீட்டில். வேல்ஸ் ஊர்ப்பெயர்களைத் தாங்கிய தெருக்கள் அடுத்தடுத்து இருப்பதால் இந்த வட்டாரத்துக்கு வெல்ஷ் ஸ்ட்ரீட்ஸ் என்றே பெயர்.

2000களில் இந்தத் தெருக்களை மொத்தமாக இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டத் திட்டமிட்டார்கள். குடியிருந்தவர்கள் காலிசெய்யப்பட்டு, கதவு ஜன்னல்கள் தகரத்தால் அடைக்கப்பட்டன. வீடுகளைக் காக்கவேண்டும் என்ற நீண்ட போராட்டத்துக்குப் பிறகு, 2015இல் மத்திய அரசு இடிப்புத் திட்டத்தை நிராகரித்தது. வீடுகள் செப்பனிடப்பட்டு மறுபடி குடித்தனங்கள் வந்திருக்கின்றன. ரசிகர்கள் அடைப்புத் தகரங்களில் எழுதிவைத்த வாசகங்கள் பழைய புகைப்படங்களில் மட்டுமே இருக்கின்றன.

ரிங்கோவின் பெற்றோர் பிரிந்தபின், தாய் எல்சி வாடகை குறைந்த வீடு தேடி, நடந்து செல்லும் தூரத்தில் இருக்கும் அட்மிரல் குரோவ் 10ஆம் எண்ணுக்கு மாறினார். மதுக்கூடத்தில் பரிமாறும் வேலை உள்படக் கிடைத்த வேலைகளைச் செய்து மகனை வளர்த்தார். ஆறு வயதில் குடல்வால் வெடித்து வயிற்று உறை அழற்சி, பதின்மூன்றில் காசநோய் என்று ரிங்கோ மாதக்கணக்கில் மருத்துவமனையில் கிடந்ததால் பள்ளிப் படிப்பு அறுந்துபோனது. மருத்துவமனையில் பிள்ளைகளுக்குப் பொழுதுபோக அமைத்த வாத்தியக் குழுவில்தான் அவருக்குத் தாளத்தின் மேல் ஆசை பிறந்தது. புகழ் வரும்வரை அவர் வாழ்ந்த அட்மிரல் குரோவ் இருபுறமும் வீடு நெருங்கிய குறுகல் சந்து. வாகனத்தைச் சாலையிலேயே நிறுத்திவிட்டு நடப்பதே முறை. சந்து முனையில் உயர்ந்து நிற்கும் எம்ப்ரஸ் மதுக்கூடக் கட்டடம், ரிங்கோவின் 1970ஆம் ஆண்டுத் தனி இசைத்தட்டான செண்டிமெண்டல் ஜர்னியின் அட்டையில் இடம்பெற்றது.

வேவர்ட்ரீயும் பென்னி லேனும்

வேவர்ட்ரீ ஹை ஸ்ட்ரீட்டை ஒட்டிய முட்டுச்சந்து ஆர்னல்டு குரோவ். இங்கே 12ஆம் எண் வீட்டில் 1943 பிப்ரவரி 25 அன்று ஜார்ஜ் பிறந்தார். தந்தை பேருந்து ஓட்டியவர். பெற்றோரும் நான்கு பிள்ளைகளுமாக ஆறு பேர் வாழ்ந்த வீட்டில் கழிப்பறை கொல்லைப்புறத்தில் இருந்தது, குளிக்கத் தகரத்தொட்டி, குளிருக்கு ஒரே ஒரு கணப்படுப்பு. 2024இல் இந்தச் சுவரில் நீலநிற நினைவு வட்டு பதிக்கப்பட்டது. வரலாற்று நினைவுச் சின்னங்களைக் கவனிக்கும் ஹிஸ்டாரிக் இங்கிலாந்து அமைப்பு, நாடு முழுதுக்குமான தன் திட்டத்தின்கீழ் வைத்த வட்டு அது.

இங்கிருந்து தெற்கே நடைதூரத்தில் பென்னி லேன். சிறுவயதில் ஜான் குடும்பத்தோடு இருந்த நியூகாசில் சாலை 9ஆம் எண் வீடும், ஜானும் ஜார்ஜும் வெவ்வேறு வகுப்புகளில் படித்த டவ்டேல் பள்ளியும் இந்தப் பகுதியில்தான். பால் பாடகர் குழுச் சிறுவனாகப் பாடிய செயின்ட் பர்னபாஸ் தேவாலயம் சந்திப்பிலேயே இருக்கிறது. பேருந்து மாறிச் செல்லும் பிள்ளைகள் காத்துநிற்கும் இடம் என்பதால் எல்லாருக்கும் பழகிய இடமாக இருந்தது பென்னி லேன் சந்திப்பு. 1967 பிப்ரவரியில் வெளிவந்த பென்னி லேன் பாடல் இந்தச் சந்திப்பைத்தான் படம்பிடிக்கிறது.

பாடலில் வரும் முடிதிருத்தகம் இன்னும் முடிதிருத்தகமாகவே நடக்கிறது. வட்டச் சந்திப்பின் நடுவிலிருந்த பேருந்து நிழற்குடைக் கட்டடம் நிற்கிறது. வங்கிக் கட்டடத்தையும் எளிதில் அடையாளம் காணலாம். தீயணைப்பு நிலையத்தை மட்டும் இங்கே தேடவேண்டாம். அது சற்றுத் தள்ளி மேத்தர் அவென்யூவில் இருந்தது. தெருப் பெயர்ப்பலகைகளை ரசிகர்கள் கழற்றிக்கொண்டு போய்க்கொண்டே இருந்ததால், ஒருகட்டத்தில் நகராட்சி பெயரைச் சுவரில் சாயத்தாலேயே எழுதிவைத்தது. 2018இல் வந்தபோது பால் கையெழுத்திட்டுவிட்டுப் போன பலகையும் ஒன்று உண்டு. அடிமை வணிகரான ஜேம்ஸ் பென்னியின் பெயரால் வந்த தெரு என்ற பேச்சு 2020இல் சூடுபிடித்துப் பலகைகள் கறுப்புச் சாயம் பூசப்பட்டன. நகரின் அடிமைமுறை அருங்காட்சியகம் ஆராய்ந்து அதற்கு ஆதாரமில்லை என்று தெரிவித்தது.

ரயிலில் வருவோர் மோஸ்லி ஹில் நிலையத்தில் இறங்கிப் பென்னி லேனின் தென்முனையிலிருந்து நடந்து சந்திப்பை அடையலாம்.

வுல்டன்: தேவாலயமும் சிவப்பு வாயிலும்

மையத்திலிருந்து சுமார் 9 கி.மீ. தொலைவில் இருக்கும் வுல்டன், பழைய கிராமத்தின் சாயலை இழக்காத மேட்டுப் பகுதி. இங்குள்ள செயின்ட் பீட்டர்ஸ் தேவாலயத்தின் தோட்ட விழா 1957 ஜூலை 6 அன்று நடந்தது. பதினாறு வயது ஜான், குவாரிமென் என்ற தன் குழுவோடு பின்புற மைதானத்தில் பாடினார். இருவருக்கும் பொதுவான நண்பர் ஐவன் வான், பதினைந்து வயது பாலை அழைத்துவந்திருந்தார். மாலை நிகழ்ச்சிக்காகக் குழு சாலைக்கு எதிர்ப்புறமுள்ள தேவாலயக் கூடத்தில் வாத்தியங்களை இறக்கிவைத்திருந்தபோது, ஒரு கிட்டாரை வாங்கிப் பால் எடி காக்ரனின் ட்வென்டி ஃப்ளைட் ராக் பாடலை வரி பிசகாமல் பாடிக் காட்டினார். பாட்டு வரிகளை அவ்வப்போது தாமாகவே இட்டுக்கட்டிப் பாடிக்கொண்டிருந்த ஜானுக்கு அதுவே வியப்பாக இருந்தது. சில நாளில் பாலுக்குக் குழுவில் சேர அழைப்பு போயிற்று. அந்தக் கூடத்தின் வெளிச்சுவரில் நினைவுக் கல் இருக்கிறது.

தேவாலயக் கல்லறைத் தோட்டத்தில், 1939இல் 44 வயதில் இறந்த எலினர் ரிக்பியின் பெயர் பொறித்த குடும்பக் கல்லறை இருக்கிறது. நடிகை எலினர் பிரானின் பெயரிலிருந்தும் பிரிஸ்டலில் பார்த்த ஒரு கடைப் பெயரிலிருந்தும் அந்தப் பெயரை உருவாக்கியதாகவே பால் சொல்லிவந்திருக்கிறார். சிறுவயதில் சுற்றித் திரிந்த இடத்தின் கல்லில் கண்ட பெயர் மனத்தின் அடியில் தங்கியிருக்கலாம் என்பதையும் அவர் மறுக்கவில்லை. ஜானை வளர்த்த பெரியப்பா ஜார்ஜ் ஸ்மித்தின் கல்லறையும் இதே தோட்டத்தில் உண்டு. இது வழிபாடு நடக்கும் தேவாலயம். ஞாயிறு முற்பகலைத் தவிர்த்து வருவது நல்லது.

இறக்கத்தில் கால்மணி நேரம் நடந்தால் பீக்கன்ஸ்ஃபீல்டு சாலையில் ஸ்ட்ராபெரி ஃபீல்டின் சிவப்பு இரும்பு வாயில். சால்வேஷன் ஆர்மி அமைப்பு 1936 முதல் 2005 வரை நடத்திய குழந்தைகள் இல்லம் இது. கோடையில் அங்கே நடக்கும் விழாவுக்கு ஜானைப் பெரியம்மா மிமி கூட்டிப்போவார். மற்ற நாளில் சுவரேறிக் குதித்து உள்ளே விளையாடியதும் உண்டு. பல ஆண்டுகள் மூடிய வாயிலைத் தொட்டுப் பார்த்துவிட்டுத் திரும்பவேண்டிய இடமாக இருந்தது. 2019 செப்டம்பரில் காட்சிக்கூடம், தோட்டம், சிற்றுண்டிச் சாலையோடு பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. நுழைவுக் கட்டண வருவாய், கற்றல் சிரமமுள்ள இளைஞர்களுக்கு வேலைப் பயிற்சி அளிக்க உதவுகிறது. சாலையோரம் நிற்பது நகல் வாயில். மூல வாயில் உள்ளே தோட்டத்தில் பாதுகாப்பாக வைக்கப்பட்டிருக்கிறது.

மெண்டிப்ஸும் ஃபோர்த்லின் சாலையும்

உள்ளே நுழைந்து பார்க்க முடிகிற இளமைக்கால வீடுகள் என்றால் முதலில் சொல்லவேண்டியவை இந்த இரண்டும். இரண்டையும் பராமரிப்பது நேஷனல் டிரஸ்ட். தனியாக வந்து கதவைத் தட்டினால் அனுமதி கிடையாது. இணையத்தில் முன்பதிவு செய்து, டிரஸ்டின் சிறு வேனில் குழுவாக வரவேண்டும். இரு வீடுகளுக்கும் சேர்த்துச் சுமார் இரண்டரை மணி நேரம் ஆகும். குழு சிறியது என்பதால் கோடையில் சில வாரங்கள் முன்னரே இடம் தீர்ந்துவிடும். குளிர்காலத்தில் வீடுகள் மூடியிருக்கும். உள்ளே படமெடுக்க அனுமதியில்லை.

மெண்டிப்ஸ் என்பது மென்லவ் அவென்யூ 251ஆம் எண் வீட்டின் பெயர். ஒரு பக்கச் சுவரை மட்டும் அடுத்த வீட்டோடு பகிர்ந்துகொள்ளும் இரட்டை வீடு. ஜன்னல்களில் வண்ணக் கண்ணாடி. தாயின் அக்கா மிமியும் அவர் கணவர் ஜார்ஜும் ஜானை ஐந்து வயதிலிருந்து வளர்த்தது இங்கே. பார்வையாளர்களைப் பின்கட்டுச் சமையலறை வழியாகத்தான் அழைத்துச் செல்கிறார்கள். வீட்டுப் பிள்ளையும் நண்பர்களும் அப்படித்தான் வரவேண்டும் என்பது மிமியின் கட்டளை. காலை உணவு அறைச் சுவரில் வேலைக்காரர்களை அழைக்கும் மணிப் பலகை இருக்கிறது. இந்தக் குடும்பம் வேலையாள் வைத்துக்கொண்டதில்லை. வீடு கட்டியவர் மனத்தில் இருந்த அந்தஸ்தை அந்தப் பலகை காட்டிக்கொடுக்கிறது. 1955இல் கணவர் இறந்தபின் மிமி மாணவர்களை வாடகைக்கு வைத்துக் குடும்பத்தை ஓட்டினார். கிட்டார் சத்தம் தாங்காமல் ஜானை அவர் வாசல் முகப்புக்கு அனுப்புவார். கண்ணாடி அடைத்த அந்தச் சிறு முகப்பில் ஓசை எதிரொலித்துத் திரும்பும். ஜானுக்கும் பாலுக்கும் அது பிடித்துப்போனது. வாசலில் ஓடும் அதே அகன்ற சாலையில்தான், அக்காவைப் பார்த்துவிட்டுத் திரும்பிய ஜானின் தாய் ஜூலியா 1958 ஜூலை 15 அன்று கார் மோதி இறந்தார். 2002இல் வீட்டை வாங்கி டிரஸ்டுக்குக் கொடுத்தவர் யோகோ ஓனோ. மறு ஆண்டு முதல் பார்வைக்கு உண்டு.

அலர்ட்டன் கோல்ஃப் மைதானத்தைக் குறுக்கே கடந்தால் பால் வீடு. அவர் கிட்டாரைத் தோளில் போட்டுக்கொண்டு ஜான் வீட்டுக்கு நடந்த குறுக்குவழி அதுதான். மேத்தர் அவென்யூவிலிருந்து பிரியும் ஃபோர்த்லின் சாலையில் 20ஆம் எண், நகராட்சி வாடகை வீட்டு வரிசையில் ஒன்று. மருத்துவச்சியான தாய் மேரி, பருத்தி வணிகத்தில் விற்பனையாளரான தந்தை ஜிம், பால், தம்பி மைக்கேல் என நால்வரும் 1955இல் குடிவந்தார்கள். ஸ்பீக்கில் இருந்ததைவிட நல்ல அக்கம்பக்கத்தில் பிள்ளைகள் வளரவேண்டும் என்று விரும்பியவர் மேரி. அடுத்த ஆண்டே, 1956 அக்டோபர் 31 அன்று, மார்பகப் புற்றுநோயால் இறந்துபோனார். பதின்வயதில் தாயை இழந்தது ஜானையும் பாலையும் நெருக்கமாக்கிய பொதுத் துயரம்.

முன்னறையில் மூன்று சுவர்களுக்கு மூன்று விதமான காகிதம் ஒட்டியிருப்பதைக் கவனிக்கலாம். மலிவு விலையில் கிடைத்த மீதித் துண்டுகளைக் கொண்டு சமாளித்த குடும்பம் அது. டிரஸ்ட் பழைய புகைப்படங்களை வைத்து அதை அப்படியே திரும்ப அமைத்திருக்கிறது. ஜிம் வாசித்த பியானோ, பின்னாளில் குழுவின் மேலாளரான எப்ஸ்டைனின் குடும்பக் கடையில் வாங்கியது. அந்த அறையில் ஜானும் பாலும் எதிரெதிரே அமர்ந்து, தரையில் விரித்த நோட்டைப் பார்த்தபடி பாட்டுக் கட்டும் காட்சியைத் தம்பி மைக்கேல் 1962இல் படமெடுத்தார். அவர் எடுத்த படங்கள், எடுத்த இடத்திலேயே சுவரில் தொங்குகின்றன. இந்த வீட்டை டிரஸ்ட் 1995இல் பெற்று 1998இல் திறந்தது.

ஸ்பீக்

போருக்குப் பின் வளர்ந்த நகராட்சிக் குடியிருப்பு ஸ்பீக். பாலின் குடும்பம் வெஸ்டர்ன் அவென்யூ 72, பிறகு ஆர்ட்விக் சாலை 12 ஆகிய வீடுகளில் இருந்தது. ஜார்ஜின் குடும்பம் ஆர்னல்டு குரோவிலிருந்து வந்து சேர்ந்தது அப்டன் கிரீன் 25ஆம் எண் வீட்டுக்கு. வீட்டுக்குள்ளேயே குளியலறை வந்தது அவர்களுக்குப் பெரிய முன்னேற்றம். பாலும் ஜார்ஜும் பழகத் தொடங்கியது இன்ஸ்டிட்யூட் பள்ளிக்குப் போகும் பேருந்தில்தான்; மையத்திலிருந்து இத்தனை தூரம் வந்து பார்த்தால், கிட்டாரைப் பற்றிப் பேச அவர்களுக்கு எவ்வளவு நேரம் கிடைத்திருக்கும் என்பது புரியும். விமான நிலையத்துக்குச் செல்லும் வழியில் பார்த்துக்கொள்வது வசதி.

வெஸ்ட் டெர்பி: கேஸ்பா

மையத்துக்குக் கிழக்கே சுமார் 7 கி.மீ. தொலைவில், ஹேமன்ஸ் கிரீன் 8ஆம் எண் பெரிய வீட்டின் நிலவறை கேஸ்பா காபி கிளப். குழுவின் முந்தைய டிரம்மர் பீட் பெஸ்டின் தாய் மோனா பெஸ்ட், பிள்ளைகளின் நண்பர்கள் கூடுவதற்காக 1959 ஆகஸ்ட் 29 அன்று திறந்தார். முதல் இரவில் வாசித்தது ஜான், பால், ஜார்ஜ் இருந்த குவாரிமென். திறப்புக்கு முன் அவர்களே சாயம் பூசிய விதானங்கள் இன்னும் அழியாமல் இருக்கின்றன. பால் தீட்டிய வானவில் பட்டைகள் அவற்றில் ஒன்று. 1962இல் மூடப்பட்டது. கேவர்னைப் போல இடிபட்டு எழுந்ததல்ல. மூல நிலையிலேயே பிழைத்திருப்பது என்பதால் 2006இல் பாதுகாக்கப்பட்ட கட்டடமாக அறிவிக்கப்பட்டது. முன்பதிவு செய்தே வரவேண்டும்.

நாள் கணக்கும் நடைமுறையும்

ஒரே நாள் மட்டும் இருந்தால், காலையில் நேஷனல் டிரஸ்ட் பயணம், மதியம் ஸ்ட்ராபெரி ஃபீல்டும் செயின்ட் பீட்டர்ஸும், திரும்பும் வழியில் பென்னி லேன், மாலையில் மேத்யூ தெரு என்று வைத்துக்கொள்ளலாம். இரண்டு நாள் இருந்தால் முதல் நாளை நகர மையம், ஹோப் தெரு, டிங்கிளுக்கும், இரண்டாம் நாளைத் தெற்குப் புறநகர்களுக்கும் ஒதுக்கலாம். கேஸ்பாவுக்கும் ஸ்பீக்குக்கும் மூன்றாவது நாள் வேண்டும். டிரஸ்டின் முன்பதிவு கிடைக்கும் தேதியை முதலில் உறுதிசெய்துகொண்டு, மற்றவற்றை அதைச் சுற்றி அமைப்பதே சரியான வரிசை. ஆகஸ்ட் கடைசி வார விடுமுறையை ஒட்டி நடக்கும் பீட்டில்ஸ் வாரத்தில் உலகெங்குமிருந்து குழுக்கள் வந்து வாசிக்கும். அப்போது விடுதி வாடகை ஏறிவிடும்.

மேட்ரின் தெரு, அட்மிரல் குரோவ், ஆர்னல்டு குரோவ், நியூகாசில் சாலை, ஸ்பீக் வீடுகள் ஆகியவை தனியார் வீடுகள். எதிர்ப்புற நடைபாதையில் நின்று படமெடுக்கலாம். ஜன்னலுக்குள் எட்டிப் பார்ப்பது, மணியடிப்பது, வாசற்படியில் உட்காருவது, சுவரில் எழுதுவது எதுவும் கூடாது. காலை எட்டு மணிக்கு முன்னும் இருட்டிய பின்னும் இந்தச் சந்துகளுக்குப் போகாமல் இருப்பது நல்லது. கோடையிலும் ஆற்றுக்காற்று குளிரும், மழை சொல்லாமல் வரும். தலைமூடியோடு கூடிய மழைச்சட்டை குடையைவிட உதவும். வுல்டனும் டிங்கிளும் ஏற்ற இறக்கமான பகுதிகள் என்பதால், நடக்க வசதியான காலணி அவசியம்.